ஓர் அம்பு மட்டும் மேல்நோக்கி

நோர்வூட் சந்தி, கொமினிகேசன் கடையின் மேல்மாடி.
தகரத்தில் மழை; பேசுவதென்றால் கத்த வேண்டும்.
மூன்று பத்தி:
கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர், தொகை.
இருநூற்றுப் பதினாறு வரிசை.
கொப்பியில் கிடந்ததை நானும் ரொஷாந்தனும்
இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஏற்றினோம்.
இனி இது படமாக வேண்டும்.
எதைக் கொண்டு என்பதுதான் கேள்வி.

முதல் மென்பொருள் சுருள்கம்பியை நம்புவது.
ஒவ்வொரு பெயரும் மற்றதைத் தள்ளும்,
ஒவ்வொரு கடனும் இழுக்கும்,
தள்ளலும் இழுவையும் களைத்த இடத்தில் படம் நிற்கும்.
நிற்கவில்லை.
காலைப் பெரட்டில் குளிருக்கு ஒடுங்கியவர்கள்போல
நடுங்கிக்கொண்டே இருந்தன புள்ளிகள்.
"சோக்கா ஆடுதுக்கா" என்றான் ரொஷாந்தன்.
ஆடுகிறது. யார் யாருக்கு?
அம்புமுனையெல்லாம் நடுவில் ஒரே கறுப்புக் கட்டி,
கான் வாயை அடைத்த தலைமுடி.

அடுத்தது வட்டமாக உட்கார வைப்பது.
எல்லாரும் ஓரத்தில், சம இடைவெளியில்,
மாதர் சங்கக் கூட்டம்போல மரியாதையாக.
கிழமைக் கடன் கம்பெனி
சிவனேஸ்வரிக்கும் இந்திராணிக்கும் இடையில்
அவர்களில் ஒருத்திபோல அமர்ந்திருந்தது.
மூடிவிட்டேன்.

மூன்றாவதில் சுட்டியால் நாமே இழுத்து வைக்கலாம்.
பிடித்திருந்தது, சொல்லத்தான் வேண்டும்.
மேல்கணக்கு வீடுகள் மேலே,
கீழ்க்கணக்கு கீழே,
ஆற்றோர லயம் ஆற்றோரமாக.
நாற்பது பெயர் வைத்த பிறகுதான் கண்டேன்,
எண்பத்தெட்டாம் வரிசையைத்
திரையின் வலது மூலையில்,
அம்புகள் அதிகம் போகாத பக்கமாக
ஒதுக்கி வைத்திருந்தேன்.
அது என் பெயர்.
கை பொய் சொல்லப் பழக
ஒரு பிளேன்டீ ஆறும் நேரம் போதும்.

நாலாவதற்குச் சுட்டியே கிடையாது. எழுத்து மட்டும்.
ஒரு பெயர், ஒரு சிறு கோடு, ஒரு கூர்முனை, இன்னொரு பெயர்.
எங்கே வைப்பதென்று நம்மைக் கேட்காது.
அம்புகள் இயன்றவரை கீழே பாயும்படி
படிபடியாக அடுக்கிக்கொண்டு போகும்.
கரண்ட் போய் வந்து மறுபடி ஓடவிட்டபோது
மூன்று கம்பெனியும் அடியில் கிடந்தன,
ஓடையெல்லாம் இறங்கிச் சேரும்
காசல்ரீ நீர்த்தேக்கம்போல.
வாங்குகிறவர்களை உயரத்திலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு
அது புதிது.
ஒரே சொல்லில் தலைகீழாக்கலாமாம்.
ஆக்கவில்லை.

நடுவில் ஓர் அம்பு மட்டும் மேல்நோக்கி ஏறியது.
பிழையென்று வரிசைகளைத் துழாவினேன்.
இந்திராணி ரெங்கநாயகிக்கு,
ரெங்கநாயகி சிவனேஸ்வரிக்கு,
சிவனேஸ்வரி எனக்கு,
நான் இந்திராணிக்கு.
நாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு.
வளையத்துக்கு மேல்படி கீழ்ப்படி ஏது?
எங்காவது ஒன்றை எதிரேற விட்டால்தான்
அடுக்க முடியும் அதனால்.
அது தேர்ந்தது என்னுடையதை.

ஞாயிறு அச்செடுத்துப் போனோம்.
கலர் தாள் அறுபது ரூபாய், ஆகவே கறுப்பு.
எழுத்து பொடியாகிப் போனதில்
இரண்டு தாளை செலோடேப் போட்டு ஒட்டியிருந்தோம்.
"அப்ப இந்த நாலு பேரும்
ஒருத்தருக்கொருத்தர் குடுக்கவே தேவயில்லியே,
வெட்டிறலாமே" என்றான் ரொஷாந்தன்.
கணக்கு சரிதான்.
மூன்று வருசமாக ஒரே காசு
நாலு வாசலைச் சுற்றி வந்திருக்கிறது,
ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு, ஒருமுறை சப்பாத்துக்கு,
ஒருமுறை எதற்கென்று யாருக்கும் ஞாபகமில்லை.

ரெங்கநாயகி தாளின் ஒட்டை விரலால் நீவினாள்.
"கம்பெனிக்கு எறங்குற கோட்ட
வெட்ட முடியுமான்னு பாரு தம்பி.
இத வெட்டிட்டா
ராத்திரியில இவ கதவ
என்னான்னு சொல்லித் தட்டுறது?"

மாலை கோப்பைச் சேமித்தேன்.
இருநூற்றுப் பதினாறு, ஒன்றும் குறையாமல்.
மற்ற மூன்று மென்பொருளையும் நீக்கியதில்
கணினியில் கொஞ்சம் இடம் மிச்சம்.